பழைய அவுட்போர்டு எஞ்சினில் திறன் குறைவு: காரணம் காணும் முறை

படகின் பின்பலகையில் பொருத்தப்படும் அவுட்போர்டு எஞ்சின் சில ஆண்டுகள் உழைத்த பின்னர் முன்போல் இழுப்பதில்லை என்ற முறையீடு எங்கும் எழுவதொன்று. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் படகு ஓடவில்லை. ஏரியில் இது காலத்தாழ்வாகவும் எரிபொருள் வீணாகவும் முடியும். கடலிலோ இது உயிரைப் பற்றிய செய்தியாகும். பழவேற்காடு போன்ற முகத்துவாரங்களில் உடையும் அலைகளைக் கடந்து கரை சேரவேண்டிய படகு, அலையின் முதுகை விட்டு முன்னேறும் வலுவை அந்த ஒரு நிமிடத்தில் இழக்குமானால், அலை அதனைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடக் கூடும். ஆதலின் திறன் குறைவைச் சிறு குறையென ஒதுக்குதல் தகாது.

குறையைக் கண்டதும் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்ப்பது பலரது வழக்கம். இதனால் பொருட்செலவு மிகுமேயன்றிக் காரணம் புலப்படுவதில்லை. பழைய எஞ்சின்களுக்கு உரிய உறுப்புகள் கிடைப்பதும் அரிது. எனவே முதலில் அளந்து, பின்னர் ஆராய்ந்து, இறுதியில் கழற்றுவதே முறை. அம்முறையை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்குவோம்.

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் வாழும் தமிழர்க்கு இம்முறை புதிதன்று. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தொலைவு கடந்து மின்சாரம் அவ்வயலை அடைந்தது. நிலத்தடியில் பாறையைத் துளைத்த கருவிகள் அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கின. துளைக்கருவி சோர்ந்தால் கருவியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. காற்றைக் கொண்டுவரும் குழாய், அதன் இணைப்புகள், அமுக்கி ஆகிய அனைத்தையும் வரிசையாக நோக்கவேண்டும். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. எனினும், ஆற்றல் வரும் வழியைத் தொடர்ந்து சென்று அது எங்கே கசிகிறதெனக் காணும் பட்டறை அறிவு எந்த எஞ்சினுக்கும் பொருந்தும்.

1. எஞ்சின் இயங்கும் விதம்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் தமது அவுட்போர்டு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் திறன் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறனே. அதன்பின் வந்த பழைய எஞ்சின்களுள் பெரும்பாலானவை இரண்டடி எஞ்சின்களாகும். கிராங்குப் பெட்டியையே பம்பாகப் பயன்படுத்தும் இரண்டடி முறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே, ஆண்டு 1891.

இதன் இயக்கத்தை மனத்திற் கொண்டாலன்றிக் குறை காணல் இயலாது. பிஸ்டன் மேலே செல்லுங்கால் கிராங்குப் பெட்டியில் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டரில் உண்டான எரிகலவை, ரீட் எனப்படும் மெல்லிய நாக்கு வால்வைத் திறந்துகொண்டு உள்ளே புகுகிறது. பிஸ்டன் கீழே வருங்கால் நாக்கு வால்வு மூடிக்கொள்ள, கலவை அமுக்கப்பட்டுப் பக்கத்துளைகள் வழியே சிலிண்டரினுள் பாய்கிறது. மீண்டும் பிஸ்டன் மேலேறிக் கலவையை இறுக்க, தீப்பொறி அதனைக் கொளுத்துகிறது. எரிந்த வளி பிஸ்டனைக் கீழே தள்ளிப் புகைத்துளை வழியே வெளியேறுகிறது.

ஆகவே முழுத்திறன் கிடைப்பதற்கு ஐந்து நிபந்தனைகள் உள்ளன: போதிய காற்றும் எரிபொருளும் சரியான அளவிற் கலத்தல்; உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி; சிலிண்டரில் நல்ல அமுக்கம்; கிராங்குப் பெட்டியில் கசிவின்மை; வெப்பமும் புகையும் தடையின்றி வெளியேறல். உண்டான திறனை நீரிற் சேர்க்கும் புரொப்பெல்லர் ஆறாவது. நாம் தேடும் குறை இவ்வாறனுள் ஒன்றிலோ பலவற்றிலோ அடங்கும்.

2. உயரமும் திறனும்

எஞ்சினில் ஒரு பழுதும் இல்லாதபோதும் திறன் குறைய இடமுண்டு. கடற்கரையில் நன்கு உழைத்த எஞ்சினை நந்திதுர்க்குக்குக் கொண்டுவந்து, பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரியில் இயக்குவதாகக் கொள்வோம். தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர், அதாவது 2,800 அடி உயரத்தில் உள்ளது. கடற்கரையில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக உள்ள வளிமண்டல அழுத்தம் இவ்வுயரத்தில் ஏறத்தாழ 686 மில்லிமீட்டராகும். அதாவது பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆழ்ந்த சுரங்கத்தினுள் இறங்குபவர் காற்றழுத்தம் கூடுவதைச் செவியில் உணர்வார். மேட்டு நிலம் ஏறுவதில் நிகழ்வது இதன் மறுதலை.

வெப்பநிலை ஒன்றாக இருப்பின், சிலிண்டர் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்றின் எடையும் பத்தில் ஒரு பங்கு குறையும். எஞ்சினின் முறுக்குவிசையும் ஏறத்தாழ அவ்வளவே குறையும். புரொப்பெல்லரைச் சுழற்ற வேண்டும் முறுக்குவிசையோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுவது. 0.90 என்னும் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.95. எனவே கடற்கரையில் நிமிடத்திற்கு 5,000 சுற்றுகள் சுழன்ற எஞ்சின், அதே புரொப்பெல்லருடன் இங்கு 4,750 சுற்றுகள் அளவில் நின்றுவிடும். முறுக்குவிசை, வேகம் இரண்டும் குறைவதால் புரொப்பெல்லரைச் சேரும் திறன் ஏழில் ஒரு பங்கு போல் குறைந்துவிடும்.

மற்றொரு விளைவும் உண்டு. காற்றின் செறிவு குறைந்த அளவிற்குக் கார்புரேட்டர் வழியே வரும் எரிபொருள் குறைவதில்லை. ஆகையால் கலவை ஏறத்தாழ 5 விழுக்காடு எரிபொருள் மிகுந்ததாகிறது. பிளக்கு கறுத்தலும் புகை மிகுதலும் இதன் அடையாளங்கள்.

இதற்குப் பரிகாரம் யாது? எஞ்சினைக் கழற்றுவதன்று. பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் அளவு, குறைவாக உள்ள புரொப்பெல்லரைப் பொருத்தினால் எஞ்சின் தனக்குரிய சுழற்சி வேகத்தை மீண்டும் எட்டும். வேண்டுமாயின் தயாரிப்பாளர் உயர்நிலங்களுக்கு எனக் குறித்துள்ள சிறிய ஜெட்டைப் பொருத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. சிறிய ஜெட்டுடன் அந்த எஞ்சினைக் கடற்கரைக்குத் திரும்பக் கொண்டுசென்று முழுவேகத்தில் ஓட்டினால் கலவை மெலிந்து வெப்பம் மிகும். இரண்டடி எஞ்சினில் மசகெண்ணெய் எரிபொருளுடனேயே வருவதால், எரிபொருள் குறைந்தால் மசகும் குறையும். பிஸ்டன் உருகவும் இறுகவும் இது போதும். எனவே ஜெட்டை மாற்றியவர் அதனை ஒரு சீட்டில் எழுதி எஞ்சினில் கட்டிவைப்பது கடமை.

மேலே கூறிய கணக்கின் பயன் இதுதான்: உயரம் எவ்வளவு குறைவுக்குப் பொறுப்பு என்பது தெரிந்துவிட்டால், அதற்கு மேற்பட்ட குறைவு பழுதினால் வந்தது என்பது உறுதியாகும்.

3. குறை எஞ்சினிலா, படகிலா?

சுழற்சி அளவி ஒன்று கையில் இருக்குமாயின் இவ்வினாவிற்கு எளிதில் விடை காணலாம். வழக்கமான பாரத்துடன், அமைதியான நீரில், முழுவேகத்தில் படகைச் செலுத்திச் சுழற்சி எண்ணைக் குறிக்கவேண்டும்.

சுழற்சி எண் மிகுதியாகவும் படகின் வேகம் குறைவாகவும் இருந்தால் எஞ்சின் நலமாகவே உள்ளது; அதன் திறன் நீரைச் சேரவில்லை. பல எஞ்சின்களில் புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் உறை ஒன்று இருக்கும். அது பிடிப்பிழந்து வழுக்கினால் அச்சு சுழலும், இதழ்கள் பின்தங்கும். அச்சின் மீதும் புரொப்பெல்லரின் மீதும் ஒரே நேராகக் கோடிட்டு, படகைச் செலுத்தித் திரும்பியபின் நோக்கினால் கோடுகள் விலகியிருப்பது வழுக்கலைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் மிக உயரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுழலும்.

சுழற்சி எண்ணும் வேகமும் ஒருங்கே குறைந்திருந்தால் எஞ்சினில் பழுது இருக்கலாம். படகின் பாரம் கூடியிருக்கவும் கூடும். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் பற்றியிருத்தல், இரட்டைத் தளத்தினுள் நீர் புகுந்து தங்கியிருத்தல், இதழ்களில் தூண்டில் நரம்போ வலைக்கயிறோ சுற்றியிருத்தல், முன்னிருந்ததைவிடப் பெரிய புரொப்பெல்லர் பொருத்தியிருத்தல் ஆகியவற்றை முதலில் நீக்கவேண்டும். இவற்றைக் காண ஒரு திருகையும் கழற்ற வேண்டுவதில்லை.

4. குறை தோன்றும் நேரம்

மருத்துவர் காய்ச்சல் எப்பொழுது வந்ததெனக் கேட்பது போல, எஞ்சின் எப்பொழுது சோர்கிறது என்பதைக் கேட்கவேண்டும்.

புறப்பட்ட கணத்திலிருந்தே வலுவின்றி இருந்தால் தீப்பொறி இல்லாத சிலிண்டர், குறைந்த அமுக்கம், முழுதும் திறவாத திராட்டில் ஆகியவற்றை ஐயுறுக.

இரண்டு மூன்று நிமிடங்கள் நன்றாக ஓடிப் பின் தளர்ந்து, சற்று நிறுத்தினால் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தால், கார்புரேட்டர்க் கிண்ணத்தில் உள்ள எரிபொருள் தீரும் வேகத்திற்குப் புதிய எரிபொருள் வந்து சேரவில்லை என்பது தெளிவு.

பத்துப் பதினைந்து நிமிடங்கள் கடந்து, எஞ்சின் நன்கு சூடேறியபின் தளர்ந்தால், குளிர்நீர் ஓட்டத்தையும், சூட்டில் பழுதாகும் மின்சுருளையும் நோக்குக.

மெதுவாக ஓடுகையில் ஒழுங்காகவும், திராட்டிலைத் திறந்தால் திக்கித் திணறியும் ஓடினால், முதன்மை ஜெட்டின் அடைப்பு, வலுவற்ற தீப்பொறி, நேரம் தவறிய தீப்பொறி ஆகியவை காரணமாகலாம்.

5. எரிபொருளின் வழி

தொட்டியில் தொடங்கிக் கார்புரேட்டர் வரை வரிசையாகச் செல்க. தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருந்தால், எரிபொருள் குறையக் குறையத் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைப்படும். இச்சிறு திருகைத் திறக்க மறந்தமையால் எஞ்சின் முழுவதும் பிரிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் பட்டறைகளில் குறைவல்ல.

அடுத்து, குழாயின் இடையிலுள்ள கைப்பம்பு உருண்டையைச் சோதிக்கவேண்டும். எஞ்சின் தளரும் அதே நேரத்தில் ஒருவர் அவ்வுருண்டையை அழுத்திப் பார்க்கட்டும். உடனே வேகம் மீளுமானால், எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்பின் தோல்தகடு கிழிந்திருத்தல், குழாய் இணைப்பில் காற்றுப் புகுதல், தொட்டிக்குள் உள்ள வடிகட்டி அடைத்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று உறுதி. ஓடும்போது உருண்டை சப்பையாக ஒட்டிக்கொண்டால் தடை உருண்டைக்கும் தொட்டிக்கும் இடையே உள்ளது எனக் கொள்க.

சோக்கைச் சிறிது மூடிப் பார்ப்பது மற்றொரு சோதனை. வேகம் கூடினால் கலவை எரிபொருள் குறைந்தது. ஜெட்டையும் மிதவையின் மட்டத்தையும் நோக்குக. வேகம் மேலும் குறைந்தால் எரிபொருள் பற்றாக்குறை காரணமன்று.

எரிபொருளின் தன்மையும் ஆராயத்தக்கது. நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டுகளை அடைக்கும். இந்தியாவில் 2025ஆம் ஆண்டளவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து விற்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் நீரை ஈர்ப்பது. பழைய ரப்பர்க் குழாய்களையும் தோல்தகடுகளையும் இளக்குவது. குழாயின் உட்புறம் உரிந்து நாக்குப் போல் மடிந்து அடைப்பதும் உண்டு. வெளியே நோக்கின் குழாய் நலமாகவே தோன்றும். ஆகவே பழைய எஞ்சினுக்கு எத்தனாலைத் தாங்கும் புதிய குழாயைப் பொருத்துவது முதற்செலவாக அமைதல் நன்று. எஞ்சினை நெடுநாள் நிறுத்திவைக்கும்போது தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும்.

தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய கரைகளில் மண்ணெண்ணெயால் இயங்கும் அவுட்போர்டுகள் பல உள்ளன. இவற்றைப் பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாவதில்லை. துளிகளாகவே நின்று புகைந்து கரி படியச் செய்யும். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடுதலும் வேண்டும்.

மசகெண்ணெயின் அளவில் ஊகம் கூடாது. 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என அமைந்த பழைய எஞ்சின்களும் உண்டு. 50 பங்குக்கு 1 என அமைந்தவையும் உண்டு. முன்னதற்குப் பின்னதன் அளவைக் கொடுத்தால் தாங்கிகள் தேயும்.

6. தீப்பொறி

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் திறன் பாதிக்கும் கீழாகக் குறையும். ஏனெனில் செயலற்ற சிலிண்டரின் உராய்வையும் மற்றது சுமக்கவேண்டும். எச்சிலிண்டர் உழைக்கவில்லை என்பதை அறிய, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் கம்பியை எடுத்து, அதனைப் பாதுகாப்பாகப் பூமியிணைப்புச் செய்து, பின்னர் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டத்தில் மாறுதல் இல்லையெனில் அந்தச் சிலிண்டர் முன்னரே உழைக்கவில்லை. ஓடும் எஞ்சினில் கையால் கம்பியைப் பிடுங்குதல் கூடாது.

பிளக்கின் முனை பேசும் மொழி ஒன்றுண்டு. இளம் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். ஈரமான கருமை எரியாத கலவையையும், உலர்ந்த கருங்கரி மிகுந்த எரிபொருளையும், வெண்மையும் கொப்புளமும் மெலிந்த கலவையையும் மிகு வெப்பத்தையும் குறிக்கும். வழக்கத்திற்கு மாறாகக் கழுவியதுபோல் தூய்மையாக உள்ள பிளக்கு, நீர் சிலிண்டரில் புகுவதைத் தெரிவிக்கலாம்.

வெளியே எடுத்த பிளக்கில் பொறி தெரிவதைக் கண்டு மகிழ்தல் போதாது. திறந்த காற்றில் சிறு இடைவெளியைத் தாண்டும் பொறி, சிலிண்டரினுள் அழுத்தத்திற்கு உட்பட்டபோது தாண்டாமல் போகலாம். எனவே 6 மில்லிமீட்டர் அளவு இடைவெளி உள்ள சோதனைக் கருவியில் பொறி நீலமாக, ஓசையுடன் தாண்டுகிறதா எனக் காணவேண்டும்.

மாக்னெட்டோ உள்ள பழைய எஞ்சின்களில், ஃபிளைவீலின் அடியில் உள்ள பாயிண்டுகள் எனப்படும் தொடுமுனைகளைத் தூய்மை செய்து இடைவெளியை அளக்கவேண்டும். பல எஞ்சின்களில் அது 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் அளவாகும். தத்தம் எஞ்சினுக்குரிய கையேட்டின் அளவே முடிவானது. முனைகள் விரைவில் கருகினால் கண்டென்சர் பழுது. ஃபிளைவீலை அச்சுடன் பிணைக்கும் சாவி சிறிது வெட்டுண்டிருந்தால் தீப்பொறி நேரம் தவறும். எஞ்சின் தொடங்கும், ஆனால் இழுக்காது. திராட்டிலைத் திறக்கையில் தீப்பொறியை முற்படச் செய்யும் இணைப்புக் கம்பிகள் தேய்ந்து தளர்ந்திருத்தலும் இவ்வாறே. கைப்பிடி முழுதும் திரும்பிவிட்டது என்பதால் திராட்டில் தகடும் முழுதும் திறந்துவிட்டது எனக் கொள்ளாது, கண்ணால் நோக்கி உறுதி செய்க.

7. அமுக்கச் சோதனை

எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கம்பிகளைப் பூமியிணைப்புச் செய்து, திராட்டிலை முழுதும் திறந்து, அமுக்க அளவியை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொருத்தி, முள் மேலும் ஏறாத வரை கயிற்றை இழுக்கவேண்டும். இங்குத் தனியோர் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள ஒப்புமையே முதன்மையானது. ஒன்று மற்றதைவிடப் பதினைந்து விழுக்காட்டிற்கு மேல் குறைந்திருந்தால் ஐயுறுக.

நந்திதுர்க் போன்ற உயர்ந்த இடங்களில் இந்த அளவியைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கடற்கரையில் 120 ராத்தல் காட்டிய சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டினால் முழு அழுத்தம் 134.7. தங்கவயலில் தொடக்க அழுத்தம் 0.90 மடங்கே ஆதலால் முழு அழுத்தம் ஏறத்தாழ 121 முதல் 122 வரை. அதிலிருந்து அவ்விடத்து வளிமண்டல அழுத்தமாகிய 13.3ஐக் கழித்தால் அளவி காட்டுவது 108 ராத்தலே. இக்குறைவைக் கண்டு வளையங்கள் தேய்ந்தன என முடிவு செய்து சிலிண்டரைப் பிரிப்பவர் வீண் செலவிற்கு ஆளாவார்.

ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், அதனுள் சில துளி எண்ணெயிட்டு மீண்டும் அளக்கவேண்டும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தோ கரியில் ஒட்டியோ உள்ளன. உயராவிடில் தலைப்பக்கக் காஸ்கெட்டையும் பிஸ்டன் தலையையும் நோக்குக. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களும் ஒருங்கே தாழ்ந்திருந்தால் அவற்றின் இடையே காஸ்கெட் கருகியிருத்தல் கூடும். சிலிண்டர்ச் சுவரில் ஆழ்ந்த கீறல்கள் காணப்படின், மற்றைய செலவுகளை நிறுத்தி, எஞ்சினைப் புதுப்பித்தல் தகுமா என எண்ணவேண்டிய இடம் அதுவே.

8. கிராங்குப் பெட்டியின் கசிவு

நாலடி எஞ்சினில் பழகிய தொழிலாளர் மறக்கும் பகுதி இது. இரண்டடி எஞ்சினின் கிராங்குப் பெட்டி ஒரு பம்பு. அதன் மேல், கீழ் எண்ணெய்த் தடைகள் தேய்ந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும். நாக்கு வால்வு உடைந்தோ வளைந்தோ இருந்தால் கலவை கார்புரேட்டர் வாயிலாகப் பின்னோக்கி உமிழப்படும். அதன் வாயிலில் வெண்தாளைக் காட்டினால் எண்ணெய்த் துளிகள் படிவதைக் காணலாம். இணைப்புகளில் கசிவு உண்டோ என அறிய, எஞ்சினை நிறுத்தி உட்புறத்திற்குச் சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்து, வெளியே சோப்பு நீர் பூசுக. குமிழி எழும் இடமே கசியும் இடம். சுரங்கக் காற்றுக் குழாய்க்கும் இச்சோதனை பொருந்தும்.

9. வெப்பமும் புகையும்

பின்புறத்தில் வெளிப்படும் குளிர்நீர்த் தாரை மெலிந்திருந்தால் அடியிலுள்ள இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கும். அல்லது நீர்வழிகளில் உப்பும் மணலும் படிந்திருக்கும். சூடு மிகுந்தால் பிஸ்டன் விரிந்து உராய்வு கூடும், திறன் குறையும், இறுதியில் எஞ்சின் இறுகும். கடல்நீரில் ஓடிய எஞ்சினை ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவுதல் இதனைத் தடுக்கும். நீரின்றி எஞ்சினை ஒரு நிமிடமும் ஓட்டலாகாது. ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

புகைத்துளைகளில் கரி படிந்து ஒடுங்கினால் எரிந்த வளி முழுதும் வெளியேறாது. புதுக் கலவைக்கு இடமில்லாது போகும். மேல்மூடிக்குள் புகை கசிந்தால் எஞ்சின் தன் புகையையே உறிஞ்சும். மூடியை நீக்கி ஓட்டியதும் வலு கூடுமாயின் இதுவே காரணம். இச்சோதனையில் சுழலும் ஃபிளைவீலுக்கு அருகில் துணியும் கையும் செல்லாது காக்க. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டாதிருக்க. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இன்றிக் கொல்லும் வளி. காற்றோட்டமற்ற இடத்தின் ஆபத்தைச் சுரங்கத் தொழிலாளர் நன்கு அறிவர்.

10. ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய முறையைப் பொருத்திப் பார்ப்போம். கடற்கரையில் 5,000 சுற்றுகள் ஓடிய இரண்டு சிலிண்டர் எஞ்சின் பேத்தமங்கலம் ஏரியில் 4,200 சுற்றுகளே ஓடுகிறது எனக் கொள்க. குறைவு 800. இதில் 250 சுற்றுகள் உயரத்தினால் வந்தவை. எஞ்சிய 550க்குக் காரணம் தேடவேண்டும்.

படகின் அடிப்புறம் தூய்மை, புரொப்பெல்லர் நலம், கோடுகள் விலகவில்லை. அமுக்கம் ஒன்றில் 108, மற்றொன்றில் 106. உயரத்திற்கு ஏற்ற அளவே, ஒப்புமையும் உண்டு. தீப்பொறி இரண்டிலும் 6 மில்லிமீட்டர் தாண்டுகிறது. எஞ்சின் இரண்டாவது நிமிடத்தில் தளர்கிறது. கைப்பம்பை அழுத்தினால் 4,700க்கு ஏறுகிறது. காற்றுத் திருகு திறந்தே உள்ளது, குழாயும் வடிகட்டியும் தடையின்றி உள்ளன, இணைப்புகள் இறுக்கம். எனவே குறை எரிபொருள் பம்பில். கழற்றி நோக்கினால் தோல்தகட்டில் மயிரிழை போன்ற கிழிசல். அதனை மாற்றியதும் எஞ்சின் தானாகவே 4,700 சுற்றுகளில் நிலைக்கிறது. பிட்ச் குறைந்த புரொப்பெல்லரைப் பொருத்தியதும் 5,000ஐ எட்டுகிறது. எனினும் காற்று குறைந்தமையால் இழந்த திறன் திரும்பாது. கடற்கரையில் கண்ட வேகத்தை ஏரியில் எதிர்பார்த்தல் ஆகாது.

செலவு ஒரு தோல்தகடு. அளக்காது தொடங்கியிருந்தால் அமுக்கம் குறைவென்று எண்ணிச் சிலிண்டர்த் தலையைத் திறந்திருப்போம்.

11. பதிவேடு

எஞ்சின் நலமாக உள்ள நாளில் அதன் சுழற்சி எண், ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கம், ஒரு மணி நேரத்திற்கு ஆகும் எரிபொருள், அளந்த இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். நலத்தின் அளவு தெரியாதவருக்கு நோயின் அளவும் தெரியாது. கடலுக்குச் செல்பவர் மாதம் ஒருமுறை இவ்வளவுகளை ஒப்பிட்டால், முகத்துவாரத்தில் கைவிடக்கூடிய எஞ்சினைக் கரையிலேயே கண்டுகொள்ளலாம். துடுப்பு, நங்கூரம், உயிர்காப்பு அங்கி ஆகியவை எந்த எஞ்சின் உள்ள படகிலும் இருக்கவேண்டியவை என்பதையும் மறத்தல் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. சுழற்சி எண் கூடியும் படகின் வேகம் குறைந்தும் இருப்பின் முதலில் எதனைச் சோதிப்பீர்கள்? ஏன்?

2. கடற்கரையில் 100 ராத்தல் அமுக்கம் காட்டும் சிலிண்டர் தங்கவயலில் எவ்வளவு காட்டும் எனக் கணக்கிடுக.

3. தங்கவயலில் சிறிய ஜெட் பொருத்திய இரண்டடி எஞ்சினைக் கடற்கரையில் அப்படியே ஓட்டுவதால் விளையும் இரு தீமைகளைக் கூறுக.

4. கைப்பம்பை அழுத்தியதும் வேகம் மீளும் எஞ்சினில், எரிபொருள் பம்பைக் கழற்றுமுன் நோக்கவேண்டியவை யாவை?